எழுநூற்றுப் பதினொரு சின்ன ஃபைல்களும் நான் அழித்த ஒரு பெரிய ஃபைலும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, தங்கள் மகள் மூவரும் சௌக்கியம். தங்கள் மாப்பிள்ளையும் கப்பலில் சௌக்கியம் என்று ஞாயிறன்று ஃபோன் செய்தான். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், சம்பந்தியம்மாவின் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்காமல் இருந்தால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்ட வேண்டாம். தாங்களும் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

ஃபோனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் கடந்த மூன்று வாரமாகத் தாங்கள் ஃபோன் செய்தபோதெல்லாம் "எல்லாம் நல்லபடியா போகுது சம்பந்தி" என்று நான் சொன்னது பச்சைப் பொய். பொய் சொன்ன அதே வாயால், அதே கருவியில், உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாங்களோ கோர்ட்டில் முப்பது வருடம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, ஏறினவர்களுக்கெல்லாம் உறுதிமொழி படித்துக் கொடுத்தவர். ஒருவன் தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாங்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். தங்கள் மகளின் மூன்று வருட உழைப்பை நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நல்ல நினைவோடும் முழு மனதோடும் அழித்துவிட்டேன்.

அவள் வேலை தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் குற்றத்தின் அளவு புரியும். இந்த ஊரில் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கு ஒழுங்கான வரைபடம் கிடையாது. எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது, எந்த வால்வு எந்த மூடிக்கு அடியில் என்பதெல்லாம் பழைய ஃபிட்டர்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. தங்கள் மகள் தெருத் தெருவாகப் போய், இரும்பு மூடிகளைத் திறந்து, ஓய்வுபெற்ற ஃபிட்டர்களை வீடு தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்துவைத்தாள். அந்த ஃபிட்டர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தண்ணீர் அலுவலகத்தில் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும், தவறினால் மூன்று வருடமும் போச்சு, வேலையும் போச்சு. இப்படிப்பட்ட சரக்கைப் பாதுகாக்கும் பொறுப்பை அவள் யாரிடம் கொடுத்தாள்? என்னிடம். "மாமா, சரக்கைப் பாத்துக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு இந்தக் கறுப்புப் பெட்டியை கம்ப்யூட்டர்ல சொருகுங்க. அது தானா பேக்கப் எடுத்துக்கும். முடிஞ்சதுன்னு வந்ததும் கழட்டி அலமாரியில வெச்சிடுங்க, அவ்வளவுதான்" என்றாள். ஏறக்குறைய இரண்டு வருடம் நான் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் படுத்தபோதுகூட எழுந்து வந்து சொருகினேன். இதை என் தரப்பில் குறித்துக்கொள்ளவும், வேறு எதுவும் என் தரப்பில் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை பெட்டியைச் சொருகியபோது, திரையில் அதன் பெயருக்குக் கீழே எப்போதும் நீலமாக இருக்கும் கோடு சிவப்பாகியிருந்தது. இடம் தீரப்போகிறது என்று அர்த்தம். இடம் தீருவது எனக்குப் புதிதா என்ன? மருந்துக் கிடங்கில் முப்பத்துநான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். கிடங்கில் ஒரே சட்டம்தான்: பழைய தேதி முதலில் வெளியே. என் காலத்தில் காலாவதியான பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது என்று எவனும் விரல் நீட்டியதில்லை. மறுநாள் காலை, மருமகள் ஏதோ ஒரு மூடியைத் திறக்கப் போயிருந்த நேரத்தில், பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். எழுநூற்றுப் பதினொரு சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி, நேற்று வரைக்கும் கனகச்சிதமாக. எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியைச் சுமந்துகொண்டு, பெட்டியில் பாதி இடத்தை அடைத்தபடி ஒரே ஒரு பிரம்மாண்டமான ஃபைல். இத்தனை புதுசு இருக்கும்போது இந்தக் கிழம் எதற்கு என்று தோன்றியது. அழுத்தினேன். "இது குப்பைத் தொட்டியில் அடங்காது, நிரந்தரமாக நீக்கிவிடவா?" என்று கேட்டது. என்ன பொறுப்பான இயந்திரம் என்று மெச்சிக்கொண்டே "ஆம்" கொடுத்தேன். கோடு மறுபடி நீலமானது. அந்த நீலத்தைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

அதோடு விட்டேனா? கிடைத்த இடத்தைச் சும்மா போட்டுவைப்பது எங்கள் தொழிலில் பாவம். எங்கள் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் தினமும் காலையில் ஒவ்வொருவரும் ரோஜாப்பூவின் மேல் "இனிய காலை வணக்கம்" என்று எழுதிய படம் ஒன்று போடுவார்கள். என் ஃபோன் அந்தப் படங்களால் நிரம்பி மூச்சுவிட முடியாமல் கிடந்தது. இரண்டாயிரத்து முந்நூறு காலை வணக்கங்களை ஃபோனிலிருந்து எடுத்துக் கறுப்புப் பெட்டிக்குள் ஏற்றினேன். ஃபோனும் பெட்டியும் இரண்டும் சுத்தம். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

மாலை நான்கு மணிக்கு மருமகள் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். அணைத்துத் திறந்தாள், மறுபடி டக், டக். பிறகு திரை கறுத்தது, அவ்வளவுதான். நான் பதறிப்போனேன். அவளோ தண்ணீர் குடித்துவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு மாமா. பரவாயில்ல, இதுக்குத்தானே பேக்கப். புது டிஸ்க் போட்டு அப்படியே இறக்கிக்கலாம். அந்தப் பெட்டியை எடுத்துட்டு வாங்க" என்றாள். நான் பெருமையாகவே எடுத்து வந்து கொடுத்தேன், சம்பந்தி. "பழசையெல்லாம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்மா" என்றும் சொன்னேன். கையிலிருந்த தம்ளரை அவள் மேசையில் வைத்தாள்.

"எந்தப் பழசு மாமா?"

"அந்த ரெண்டு வருஷத்துப் பெருசு. சின்னது அத்தனையும் பத்திரமா இருக்கு. ஒண்ணுமேல கூட கை வைக்கல."

"மாமா, அந்தப் பெருசுதான் முழுப் படம். அன்னிக்கு கம்ப்யூட்டர்ல என்னல்லாம் இருந்துச்சோ அத்தனையும் அதுக்குள்ள. சின்னது ஒவ்வொண்ணும், நேத்திக்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப நேத்திக்கு என்ன இருந்துச்சு?"

"அதைத்தான் நீங்க அழிச்சிட்டீங்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுக்கப்புறம் இதுல வேற எதையாவது ஏத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். காலை வணக்கங்களைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பெட்டியின் மேல் குறுக்காக டேப் ஒட்டி, "இனிமே இதை யாரும் எதுலயும் சொருகக் கூடாது" என்றாள். யாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி அன்று முதல் என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மருமகளிடம், "சாப்பாடு ஆறுதுன்னு உன் மாமாகிட்ட சொல்லு" என்பாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்திநாலு வருஷமா பழசையெல்லாம் தூக்கிப் போட்டுப் பழகின கை. என்னை எப்படி இத்தனை நாள் விட்டு வெச்சீங்கன்னுதான் ஆச்சரியமா இருக்கு."

மறுநாள் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கும் அம்மையாரிடம் மருமகள் என்னையும் பெட்டியையும் கொண்டுபோனாள். பாழான டிஸ்க்குகளிலிருந்து தொலைந்ததை மீட்டுக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். அங்கே எல்லோரும் அவரை டிஸ்க் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, மூடியில்லாத நான்கு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கீழிருந்து இஸ்திரி ஆவி சன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அவர் அதிரவே இல்லை. "வாரத்துக்கு ஒருத்தர் இதைப் பண்ணிட்டு வர்றாங்க. ஆனா தேதி வாரியா அடுக்கி வெச்சு அழிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்றார். இதற்குப் பிறகு அவர் சொன்ன விஷயங்களைத்தான் தங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. அறுபத்தைந்து வயது வரை இப்படி ஒரு உலகம் மேசை மேலேயே இருந்தது தெரியாமல் தூசி தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில், அழிப்பது என்றால் அழிப்பது இல்லையாம். "பொருளைத் தூக்கி வெளியில போடறதுக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு நேரமில்ல சார். பதிவேட்டுல பேரை மட்டும் அடிச்சிடும். பொருள் அலமாரியிலேயே இருக்கும். அந்த இடம் காலின்னு நம்பி வேற எதையாவது அது மேல வைக்கிறவரைக்கும் இருந்துகிட்டே இருக்கும்" என்றார். சம்பந்தி, பதிவேட்டில் இல்லாத பொருள் அலமாரியில் இருந்தால் எங்கள் கிடங்கில் அதற்குத் திருட்டு என்று பெயர், தங்கள் கோர்ட்டுக்கு வந்திருக்கும். இங்கே அதுவே எங்கள் ஒரே நம்பிக்கை. நான் அழித்தது அழியாமல் அங்கேயே படுத்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டி, "இப்பவே அழாதீங்க, உங்க ரோஜாப்பூ எங்க போய் உக்காந்திருக்குன்னு இன்னும் தெரியல" என்றார்.

அவர் எங்கள் பெட்டியில் நேரடியாகக் கை வைக்கவில்லை. நடுவில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார். அந்தக் கருவி படிக்க மட்டும்தான் விடுமாம், ஒரு புள்ளியைக்கூட எழுத விடாதாம். அதன் வழியாக முழுப் பெட்டிக்கும் ஒரு இமேஜ் எடுத்தார். காப்பி எடுப்பதற்கும் இமேஜ் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "காப்பின்னா சரக்கு மட்டும் வரும். இமேஜ்னா கிடங்கே வரும். அலமாரி, லேபிள், பதிவேடு, பூட்டு, எல்லாம்." "காலி அலமாரியும் வருமா?" என்றேன். "காலி அலமாரியும் வரும், அதுல படிஞ்ச தூசியும் வரும். எந்த இடத்துல இருந்துச்சோ அதே இடத்துல வரும்" என்றார். ஒரு கிடங்கை மூட்டை கட்டி, அதை ஒரே ஃபைலாக்கி, ஒரு பெயர் வைத்து இன்னொரு கிடங்கின் மூலையில் வைத்துவிடலாம் என்றால், முப்பத்துநான்கு வருடம் நான் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு காவல் காத்ததற்கு என்ன அர்த்தம்? வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இமேஜ் முடிந்ததும் திரையில் அறுபத்துநான்கு எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு வரி வந்தது. பெட்டியில் உள்ளது அத்தனையையும் சேர்த்துப் பிழிந்து எடுத்த ஒரே எண் அது. உள்ளே எங்கேயாவது ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். பெட்டிக்கு ஒரு வரி, இமேஜுக்கு ஒரு வரி, இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரதி சரி. கம்ப்யூட்டரே ஒப்பிட்டு "சரி" என்று சொல்லிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் இரண்டையும் எழுதி வாங்கி, மருமகள் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். அறுபத்துநான்கும் ஒத்துப்போனபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிடங்கில் என் காலம் முழுக்கச் சரக்கு இருப்பை எண்ணியிருக்கிறேன், ஒரு தடவையாவது இப்படி முழுசாக ஒத்துப்போனது கிடையாது.

பெரிய ஃபைலைத் தேட இரண்டு நாள் ஆயிற்று. அதன் பெயர் பதிவேட்டில் இல்லை, அங்கே அது இருந்த வரியின் மேலேயே என் காலை வணக்கம் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. பெயர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. "பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சு மூணு எழுத்து போடறோமே, அது வெறும் லேபிள் சார், யார் வேணா கிழிச்சுட்டு வேற ஒட்டலாம். ஆனா ஃபைலுக்குள்ள முதல் நாலஞ்சு எழுத்து இருக்கு பாருங்க, அது பிறந்த மச்சம். படத்துக்கு ஒரு மச்சம், பாட்டுக்கு ஒரு மச்சம், பேக்கப்புக்கு ஒரு மச்சம்" என்றார் டாக்டரம்மா. அந்த மச்சத்தைத் தேடி இயந்திரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு அடியாக நடந்தது. நான் சலவைக் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து இரண்டு தடவை ரசீது கேட்டார். இரண்டாம் நாள் மதியம் மேலேயிருந்து மருமகள் "மாமா!" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டு நான் ஏறிய வேகத்தில் ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது.

ஃபைல் கிடைத்துவிட்டது. புதுப் பெட்டியில் முதன்முதலாக ஏறிய சரக்கு என்பதால் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளத்தில் படுத்திருந்தது. அதன் மேல் எங்கெங்கே என் ரோஜாப்பூக்கள் விழுந்திருக்கின்றன என்று டாக்டரம்மா ஒரு படம் போட்டுக் காட்டினார். ஃபைலுக்குள் உண்மையான சரக்கு இருந்த இடம் சாம்பல் நிறம், காலியாக இருந்த இடம் வெள்ளை, என் படங்கள் சிவப்புப் புள்ளி. பார்த்தால் சிவப்பு எல்லாம் வெள்ளை மேல்தான். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். "புத்திசாலிங்க காலி இடத்தை விட்டுட்டு, மிச்சத்தைச் சுருக்கித்தான் இமேஜ் எடுப்பாங்க. அப்படி எடுத்திருந்தா ஒவ்வொரு பூவும் எதையாவது கொன்னிருக்கும். நீங்க ஏம்மா காலி இடத்தையும் சேத்து எடுத்தீங்க?" என்று மருமகளிடம் கேட்டார். "முதல் தடவை மேடம். எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு புரியல. எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டேன்" என்றாள் தங்கள் மகள். ஒன்றுமில்லாத இடத்தையும் மெனக்கெட்டு எடுத்துவைத்தாளே, அந்த ஒன்றுமில்லாதது நின்று அடியை வாங்கிக்கொண்டு அவள் உழைப்பைக் காப்பாற்றியிருக்கிறது. காலி அலமாரிக்கு நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைகூப்பினேன், சம்பந்தி. கேலி இல்லை.

ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் சாம்பல் மேல் இருந்தது. அதனால் பேக்கப் எடுத்த அன்றே இந்த ஃபைலுக்கென்று பதிவாகியிருந்த அறுபத்துநான்கு எழுத்துக் கணக்கு உதைத்தது, "இந்த ஃபைல் பழுதானது, திறக்க மாட்டேன்" என்று மென்பொருள் அடம்பிடித்தது. டாக்டரம்மா, "தெரியும், பரவாயில்ல, தொற" என்று அதட்டுகிற மாதிரி ஏதோ தட்டினார். திறந்தது. எப்படித் திறந்தது என்கிறீர்கள்? கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக. இரண்டு வருடத்துக்கு முன் தங்கள் மகள் மேசை எப்படி இருந்ததோ அப்படியே, அன்று அவள் பாதியில் நிறுத்திய வரி பாதியிலேயே. பிறகு அதன் மேல் என் எழுநூற்றுப் பதினொரு சின்ன ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் போர்த்தினார்கள். ஒன்று தவறினாலும் அதற்கு அடுத்தது நிற்காது, வரிசையாகத்தான் ஏற வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எவ்வளவு மாறியது என்பதுதானே ஃபைலின் அளவு? வேலை அதிகம் செய்த நாள் பெரியதாக இருக்கும், குறைவான நாள் சின்னதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் பெரியதாக இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில், பகலெல்லாம் எனக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தாளே, அந்த வாரத்து ஃபைல்கள்கூடப் பெரியதாகத்தான் இருந்தன. "பொழுதன்னிக்கும் பொட்டி முன்னாடி உக்காந்திருக்கா" என்று நான் என் மனைவியிடம் எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தைத் தினமும் என் கையால் சொருகிக் கழற்றியிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சலவைக் கடை மாடியில் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல வரைபடத்தைப் பாப்போம் மாமா" என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு தெருக்களின் வரைபடமும் திறந்தது. பேக்கரித் தெருவின் வரைபடத்தை அழுத்தியபோது மட்டும், குழாய்களுக்குப் பதிலாகப் பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா மலர்ந்து "இனிய காலை வணக்கம்" என்றது. பிறகு தங்கள் மகள் சிரித்தாள். நான்கு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. காரணம், அந்தத் தெருவைப் பற்றிச் சொன்ன ஃபிட்டர் இறந்துபோன இரண்டு பேரில் ஒருவர். அந்தத் தெருவுக்கே தண்ணீரை நிறுத்தும் பெரிய வால்வு வெளியே எந்த மூடிக்கு அடியிலும் இல்லை, ஏதோ ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது என்று அவர் சொன்னது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்தக் கட்டடம் என்பது ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விட்டது.

ஆகவே நானும் அவளும் நடந்தே தேடினோம். தரையில் ஒரு நீள இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும், அடியில் ஓடுகிற தண்ணீர் கம்பி வழியாகப் பேசும். முதல் தடவை கேட்டபோது நான் கம்பியை விட்டுவிட்டேன். நாற்பது வருடமாக நான் நடந்து போகிற தெருவுக்கு அடியில் இப்படி ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது! மூன்று நாள் முட்டி போட்டு, ஒவ்வொரு வாசலாகக் கம்பி ஊன்றி, கடைசியில் சத்தம் பேக்கரியின் பின்னறைக்குள் போய் நின்றது. அங்கே தரை தெரியாமல் மாவு மூட்டைகள். பேக்கரிக்காரர் முடியாது என்றார். ஆள் விட்டு நகர்த்த வேண்டாம், நான் நகர்த்துகிறேன், முன்பு இருந்ததைவிட ஒழுங்காக அடுக்கியும் கொடுக்கிறேன் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தேன். நாற்பது மூட்டை. நாற்பதாவதற்கு அடியில் துருப்பிடித்த மூடி, அதற்கு அடியில் வால்வு. மருமகள் தரையில் படுத்து அளந்துகொண்டாள். நான் மூட்டைகளைத் திரும்ப அடுக்கியபோது கை தானாகவே பழைய தேதியை முன்னால் வைத்தது. மருமகள் அதைப் பார்த்துவிட்டு அளவு நாடாவைச் சுருட்டினாள்.

பத்தொன்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு வரைபடம் தண்ணீர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது, நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். என் மனைவி அன்று மாலை "டீ வேணுமா?" என்று என்னிடமே நேராகக் கேட்டாள். ஆக, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இப்போது சொன்னால் அது பொய்யாகாது. ஆனாலும் தாங்கள் நம்பி எங்கள் வீட்டுக்கு அனுப்பிய பெண்ணின் உழைப்பை நான் குப்பையில் போட்டது போட்டதுதான். அதை மூன்று வாரம் தங்களிடம் மறைத்ததும் மறைத்ததுதான். இரண்டுக்கும் சேர்த்துத் தங்களிடம் முழு மன்னிப்புக் கேட்கிறேன். தாங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

தங்கள் முழங்கால் மடங்கி நிமிரட்டும், சம்பந்தியம்மாவின் அழுத்தம் அளவோடு நிற்கட்டும், தாங்கள் இருவரும் பத்திரமாக எடுத்துவைத்ததெல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். எங்கள் இருவரின் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர்த்த முடியாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், டாக்டரம்மா சொன்ன விஷயங்களை நான் தப்பாக எழுதியிருக்கக்கூடாதே என்று மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இதே பேக்கப்புக்கு இன்னொரு பிரதி எடுத்து அப்பா வீட்ல கொடுத்து வெச்சிருந்தேன் மாமா. போன மாசம் கால்பந்து ஃபைனலைப் பதிவு பண்ணி வெக்கணும்னு அந்தப் பெட்டியை எடுத்து டிவிக்குப் பின்னாடி சொருகியிருக்காரு. 'இதைச் சுத்தம் பண்ணினாத்தான் பதிவு பண்ண முடியும், சம்மதமா?'ன்னு டிவி கேட்டிருக்கு. சம்மதம்னு அழுத்திட்டாரு. ஆட்டம் வேற கூடுதல் நேரம் வரைக்கும் போயிருக்கு. எனக்கு ஃபோன் பண்ணி, இது உன் மாமாவுக்குத் தெரிஞ்சா அவர் மூஞ்சியில முழிக்க முடியாது, சொல்ல மாட்டேன்னு சொல்லுன்னு உறுதிமொழி வாங்கிட்டாரு." அந்த வாரக் கடைசியில் புதுப் பெட்டியில் இன்னொரு பிரதி எடுப்பதாக இருந்தாளாம். அதற்குள் செவ்வாய்க்கிழமை நான் முந்திக்கொண்டேன். "அப்ப ஏம்மா இப்ப சொல்லிட்டே?" என்றேன். "நீங்க எனக்குத் தெரியாம அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க, அவரு உங்களுக்குத் தெரியாம என்கிட்ட தினம் கேக்கறாரு. என்னால முடியல மாமா" என்றாள்.

உழைத்தது அத்தனையும் போய்விட்டது என்று நினைத்த அந்த நான்கு நாளும் அவள் ஒரு பக்கம் தங்கள் மானத்தையும் இன்னொரு பக்கம் என் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். சலவைக் கடை மாடியில் நான் பார்த்து வாய் பிளந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நிற்க. மேலே கடிதத்தின் முடிவில் நான் கேட்டிருக்கும் முழு மன்னிப்பில் சரிபாதியைத் தாங்கள் மறு தபாலில் எனக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.